எண்ணுக்குள் ஒளிந்திருந்த எழுத்துக்கள்

தமிழ் இலக்கணம் எழுத்துக்களை எண்ணுவதிலிருந்து தொடங்குகிறது. தொல்காப்பியர் தம் நூலின் தொடக்கத்திலேயே எழுத்துக்கள் முப்பது எனத் தொகை கூறி, சார்ந்து வரும் மூன்றினையும் குறித்துவிட்டே மேற்செல்கிறார். எவை எழுத்துக்கள் என்று வரையறுத்துக் கொள்ளாமல் ஒரு மொழியை ஆராயப் புகுதல் இயலாது என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டில் கணிப்பொறியை அமைத்தவர்களும் இதே இடத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இலக்கண ஆசிரியர் வழக்கிலிருந்த எழுத்துக்களை எண்ணினார். பொறியாளரோ முதலில் இடங்களை எண்ணிவிட்டு, அவ்விடங்களில் எவற்றை அமர்த்துவது என்று பின்னர் முடிவு செய்தார். இடம் பெற்றவை எழுதப்பட்டன. இடம் பெறாதவை வெளியே காத்து நின்றன. அந்த இடப் பங்கீட்டின் வரலாற்றை, 1981-இல் வெளிவந்த ஒரு கணிப்பொறியைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

இடங்களின் கணக்கு

அமெரிக்க நாட்டில் 1963-ஆம் ஆண்டு 'ஆஸ்கி' என்னும் எழுத்துக் குறியீட்டு முறை வகுக்கப்பட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்பதே அதன் அடிப்படை. ஏழு இரும இலக்கங்களால் அமைந்த அம்முறையில் 128 இடங்களே உண்டு. அவற்றுள் 33 இடங்கள், வரியை மாற்று, மணியை அடி என்பன போன்ற கட்டளைகளுக்குச் சென்றுவிட்டன. எஞ்சிய 95 இடங்களில் ஆங்கில எழுத்துக்கள், இலக்கங்கள், நிறுத்தற்குறிகள், இடைவெளி ஆகியவை அமர்ந்தன. ஆங்கிலேயரின் பவுன் குறிக்குக்கூட அப்பட்டியலில் இடமில்லை. அமெரிக்கரின் டாலர் குறிக்கு மட்டும் இருந்தது.

பின்னர் எட்டு இரும இலக்கங்கள் கொண்ட 'பைட்' என்னும் அளவு கணிப்பொறிகளில் நிலைபெற்றது. அதனால் இடங்கள் 256 ஆயின. மேலும் 128 இடங்கள் காலியாகக் கிடைத்தன. அவற்றை நிரப்பப் பொது விதி ஏதும் இன்மையால், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிரப்பிக் கொண்டது.

ஐ.பி.எம். நிறுவனம் தன் 'பர்சனல் கம்ப்யூட்டர்' என்னும் தனியாள் கணிப்பொறியை 1981 ஆகஸ்டு 12 அன்று நியூயார்க் நகரில் அறிவித்தது. ஃபுளோரிடா மாநிலத்துப் போகா ரேடன் என்னும் ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு அதனை உருவாக்கியது. தொடக்க விலை 1,565 டாலர். விசைப்பலகையில் 83 விசைகள், எழுத்திடங்களோ 256. இந்த 256-உம் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது சுவையான செய்தி. அக்கணிப்பொறியின் அடிப்படை நிரலை எழுதியவர்களுள் ஒருவரான டேவிட் பிராட்லி பின்னாளில் கூறியபடி, சியாட்டிலிலிருந்து அட்லாண்டா செல்லும் விமானத்தில், தாமும் உடன்பணியாற்றிய இருவருமாக மூவர் கூடி, நான்கு மணி நேரத்தில் அப்பட்டியலை முடிவு செய்தனர். அக்காலத்தில் அலுவலகங்களில் புகழ்பெற்றிருந்த வாங் நிறுவனத்தின் சொற்செயலிகளே அதற்கு முன்மாதிரி என்று பில் கேட்ஸ் 1995-இல் ஒரு நேர்காணலில் குறிப்பிட்டார்.

மூவர் நான்கு மணி நேரத்தில் செய்த முடிவு, உலகெங்கும் பல கோடிக் கணிப்பொறிகளில் பல்லாண்டு நிலைத்தது. அப்பட்டியலில் 1, 2 ஆகிய இடங்களில் சிரிக்கும் முகங்கள் இரண்டு. 3 முதல் 6 வரை சீட்டுக்கட்டின் நான்கு இனங்கள். 128 முதல் ஐரோப்பிய மொழிகளின் ஒலிக்குறி ஏற்ற எழுத்துக்கள். 155 முதல் 159 வரை சென்ட், பவுன், யென், ஸ்பெயின் நாட்டுப் பெசெட்டா, நெதர்லாந்தின் கில்டர் ஆகிய நாணயக் குறிகள். 171 அரை, 172 கால். 179 முதல் 218 வரை கட்டங்கள் வரைவதற்கான கோட்டுத் துண்டுகள். 224 முதல் கணிதத்துக்கு வேண்டிய கிரேக்க எழுத்துக்கள். 248 வெப்பநிலையைக் குறிக்கும் பாகைக் குறி.

விசை இல்லாத எழுத்தை எழுதும் வழி

இத்தனை குறிகளுக்கும் விசைப்பலகையில் விசை கிடையாது. அவற்றை எழுத அமைக்கப்பட்ட வழி மிக எளிது. இடைவெளிக் கட்டையின் அருகிலுள்ள 'ஆல்ட்' என்னும் விசையை அழுத்திப் பிடித்துக் கொண்டு, வலப்புற எண் விசைகளில் வேண்டிய எண்ணை அடித்து, பிறகு ஆல்ட் விசையை விட வேண்டும். விட்டவுடன் திரையில் குறி தோன்றும்.

உள்ளே நிகழ்வது என்ன? பவுன் குறிக்குரிய 156-ஐ எடுத்துக் கொள்வோம். முதலில் 1 அடித்தால் கணிப்பொறி 1 என்று குறித்துக் கொள்கிறது. அடுத்து 5 அடித்தவுடன், முன்னிருந்த 1-ஐப் பத்தால் பெருக்கி 5-ஐக் கூட்டி 15 ஆக்குகிறது. பின்னர் 6 அடித்தால் 15-ஐப் பத்தால் பெருக்கி 6 கூட்டி 156 ஆக்குகிறது. தொடக்கப் பள்ளியில் ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பு கற்ற பிள்ளை செய்யும் கணக்கே இது. இத்தொகையை வைக்க ஒதுக்கப்பட்ட இடம் ஒரே ஒரு பைட். ஆகவே எண் 255-ஐத் தாண்டினால், 256 கழிந்துபோய் மீதியே நிற்கும். 321 என்று அடித்தால் மீதி 65. அவ்வெண்ணுக்குரிய ஆங்கிலத்தின் முதற் பேரெழுத்தே திரையில் வரும்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. அழுத்தினால் தாளை நகர்த்தாமல், அடுத்து வரும் எழுத்தோடு சேரும் 'நகரா விசை'யை அவர்கள் அறிவர். தானாக ஒன்றையும் எழுதாமல், பின் வருவதன் பொருளை மாற்றும் ஆல்ட் விசையும் அதற்கு ஒருவகையில் உறவே.

ஒளிந்திருந்த எழுத்துக்கள் என்று நாம் சொன்னாலும், நிறுவனம் இவற்றை இரகசியமாக வைக்கவில்லை. கையேட்டில் எண் பட்டியல் இருந்தது. அடிப்படை நிரல் முழுவதும் தொழில்நுட்ப நூலில் அச்சிடப்பட்டும் இருந்தது. ஆனால் கையேட்டைப் படிப்பவர் எத்தனை பேர்? அலுவலகங்களில் இவ்வெண்கள் மேசைக் கண்ணாடியின் அடியில் செருகிய துண்டுத் தாள்களாகவும், ஒருவர் மற்றவருக்கு வாய்மொழியாகச் சொல்லும் பாடமாகவுமே பரவின. 201, 205, 187 என்று வரிசையாக அடித்து இரட்டைக் கோட்டுச் சட்டத்தின் மேல்விளிம்பை வரையத் தெரிந்தவரைச் சக ஊழியர் வியந்து நோக்கினர்.

அக்கோட்டுத் துண்டுகளின் வரிசை முதலில் குழப்பமாகவே தோன்றும். ஆனால் அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒற்றை நிறத் திரையில் ஒவ்வோர் எழுத்தும் 9 புள்ளி அகலமுள்ள கட்டத்தில் அமையும்; எழுத்தின் வடிவமோ 8 புள்ளி அகலத்துக்கே சேமிக்கப்பட்டிருந்தது. ஒன்பதாவது புள்ளி எழுத்துக்களுக்கு இடையே வெற்றிடமாக நின்றது. கோடுகளுக்கு இவ்வாறு வெற்றிடம் விட்டால் சட்டம் துண்டு துண்டாகிவிடும். எனவே 192 முதல் 223 வரையுள்ள குறிகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியையே ஒன்பதாவதிலும் இடும்படி சுற்றமைப்பு செய்யப்பட்டது. வலப்பக்கம் நீளும் கோடுகள் எல்லாம் அவ்வெல்லைக்குள்ளேயே இருத்தப்பட்டன; வலப்பக்கம் நீளாதவை பலவும் 179 முதல் 191 வரை அமர்ந்தன.

255-ஆம் இடத்தின் கதையும் சொல்லத் தக்கது. அவ்விடத்தில் இருந்தது ஒரு வெற்றிடம். பார்வைக்கு அது சாதாரண இடைவெளி போன்றே தோன்றும். ஆனால் கணிப்பொறிக்கு அது வேறோர் எழுத்து. கோப்பின் பெயரில் இதனைச் சேர்த்துவிட்டால், திரையில் பெயரைக் கண்டு அப்படியே அடிப்பவருக்குக் கோப்பு திறக்காது. எண்ணறிந்தவருக்கே திறக்கும். பூட்டில்லாத காலத்தில் பலர் இதனைப் பூட்டாகப் பயன்படுத்தினர்.

இடம் பெறாதவர்கள்

இப்பட்டியலில் எல்லா ஐரோப்பியருக்கும்கூட இடம் கிடைக்கவில்லை. போர்ச்சுகீசிய மொழிக்கு இன்றியமையாத மூக்கொலி உயிரெழுத்துக்கள் விடுபட்டன. டேனிய, நார்வீஜிய மொழிகளுக்குரிய கோடிட்ட 'ஓ' எழுத்தும் இல்லை. 1987-இல் வெளிவந்த டாஸ் 3.3 என்னும் இயக்க நிரலில், நாட்டுக்கு ஏற்பப் பட்டியலை மாற்றிக் கொள்ளும் வசதி வந்தது. வடநாட்டாருக்கான பட்டியலில் 155-ஆம் இடத்துச் சென்ட் குறியும் 157-ஆம் இடத்து யென் குறியும் எழுந்து நிற்க, கோடிட்ட ஓ எழுத்துக்கள் இரண்டும் அமர்ந்தன. இடம் புதிதாகப் பிறக்கவில்லை. ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் அமரலாம் என்ற நிலையே இருந்தது. விண்டோஸ் வந்தபோது மற்றொரு பட்டியலும் உடன் வந்தது. எண்ணின் முன் ஒரு சுழியம் சேர்த்து 0163 என்று அடித்தால் பவுன் குறி. சுழியமின்றி 163 என்று அடித்தால் பழைய பட்டியலின்படி ஒலிக்குறி ஏற்ற 'யூ' எழுத்து.

நம் ரூபாய்க்கு 1981-இல் இடமில்லை. ரூபாய்க்குத் தனிக்குறி இல்லாமல் ஆங்கிலச் சுருக்கமே வழங்கியது காரணம் எனச் சிலர் கூறலாம். ஆனால் 158-ஆம் இடத்தில் அமர்ந்த பெசெட்டா குறியும் அந்நாணயப் பெயரின் சுருக்கம்தான்! இந்திய ரூபாய்க்கான தனிக்குறியை நடுவண் அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதனை வடிவமைத்தவர், மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்த தமிழர் த. உதயகுமார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அதே ஆண்டில் யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் அக்குறிக்கு 8377 என்னும் எண்ணும் கிடைத்தது. பெசெட்டாவோ 2002-இல் யூரோவுக்கு வழிவிட்டு மறைந்தது. எனினும் அதன் குறி யூனிகோட்டில் 8359-ஆம் இடத்தில் இன்றும் இருக்கிறது. நாணயம் மறைந்தாலும், ஒருமுறை கிடைத்த இடம் மறைவதில்லை.

தமிழ் பெற்ற இடம்

தமிழ் எழுத்துக்கள் மரபுப்படி 247. அவற்றை 256 இடங்களில் வைத்தால் எஞ்சுவன ஒன்பதே. ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் முதற்பாதி முன்னரே சென்றுவிட்டதால், தமிழுக்கு வாய்த்தவை மேற்பாதியின் 128 இடங்களே. எனவே கொம்பு, கால், புள்ளி எனத் தமிழெழுத்தைப் பகுத்து, துண்டுகளாக அவ்விடங்களில் அமர்த்த வேண்டியதாயிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய 'முரசு' முதலாகப் பல தமிழ்ச் செயலிகள் தோன்றித் தொண்டாற்றின. ஆயினும் ஒவ்வொருவரும் எழுத்துக்களை வெவ்வேறு எண்களில் அமர்த்தியமையால், ஒரு செயலியில் எழுதிய மடல் மற்றொன்றில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தெரிந்தது. அயல்நாட்டிலும் அயல்மாநிலத்திலும் வாழ்ந்த தமிழர்க்கு இத்துன்பம் மிகுதி. அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு பெற்றவரிடம் இல்லையேல், தாய்மொழியில் வந்த மடலும் படிக்க முடியாத மடலாயிற்று.

இதற்குத் தீர்வு காணப் பல முயற்சிகள் நிகழ்ந்தன. 1991-இல் இந்திய மொழிகள் பலவற்றுக்குமான 'இஸ்கி' தரம் வெளியாயிற்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஒரு விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியீட்டு முறைகளையும் ஏற்றது. 1991-இலேயே முதற்பதிப்பு கண்ட யூனிகோட்டில், பிறமொழி எதனோடும் பங்கிடத் தேவையற்ற தனிப்பகுதி தமிழுக்குக் கிடைத்திருந்தது. அது படிப்படியாக எல்லாக் கருவிகளிலும் பரவிய பின்னரே பழைய குழப்பம் நீங்கியது. அதன்படி அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. 1981-ஆம் ஆண்டுக் கணிப்பொறியில் ஆல்ட் விசையுடன் 2949 என்று அடித்திருந்தால், 256-இன் மடங்குகள் கழிந்து 133 எஞ்சும்; ஒலிக்குறி ஏற்ற பிரெஞ்சு எழுத்தொன்று திரையில் தோன்றும். அன்று அகரத்தின் எண்ணே அக்கணிப்பொறிக்குள் அடங்கவில்லை.

இன்று நம் கைப்பேசிகளில் அகரம் அகரமாகவே தோன்றுகிறது. ஆயினும் நம் இல்லங்களில் நிகழ்வதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர், ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பும் நாலு வரிச் செய்தியையும் ஆங்கில எழுத்துக்களில் தமிழாக எழுதுகின்றனர். அவர்கள் பயன்படுத்துவன அமெரிக்கர் தம் தேவைக்கு வகுத்த அந்த 95 இடங்களே. பலர் பல்லாண்டு உழைத்துப் பெற்றுத் தந்த இடம் காலியாகக் கிடக்கிறது. குறியெண்களை இனி யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழ் விசைப்பலகையைக் கைப்பேசியில் சேர்க்கச் சில நிமிடங்கள் போதும், பழகச் சில வாரங்கள் போதும். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புகளில் நெடுங்கணக்கு முடிந்தவுடன் இதனையும் கற்பிப்போமாக. பாட்டி படிக்கும் எழுத்தில் பேரப்பிள்ளையின் முதல் மடல் ஊருக்குச் செல்லட்டும்.