கட்டட விருதுகளுக்கு விண்ணப்பித்தல்

புதிதாகக் கட்டி முடித்த அல்லது பழுதுபார்த்து மீட்ட ஒரு கட்டடத்தை, அதன் வரைபடங்கள், படங்கள், சோதனை முடிவுகள், உரிமையாளரின் ஒப்புதல் ஆகியவற்றோடு ஒரு நடுவர் குழுவின் பார்வைக்கு அனுப்புவதே கட்டட விருதுக்கு விண்ணப்பித்தல். ஒரு மாநிலத்துக்குள் நடப்பவை, தென்னிந்தியாவுக்கென நடப்பவை, தெற்காசியா அல்லது ஆசிய-பசிபிக் நாடுகள் அனைத்துக்குமாக நடப்பவை என இவ்வகை வட்டார விருதுகள் பல உண்டு. பெருநகரத்துக் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் உரியவை இவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தமிழ்நாட்டில் இதுவரை கிடைத்த மிக உயர்ந்த வட்டார அங்கீகாரங்களைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அவற்றில் ஒன்று கும்பகோணம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் சிவன் கோயிலுக்குக் கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தில் உள்ள கீரனூர் போன்ற பேரூராட்சியில் வேலை செய்யும் பொறியாளரும் மேஸ்திரியும் உரிமையுடன் நுழையக்கூடிய களம் இது.

விண்ணப்பப் படிவத்தைப் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் நிரப்புகிறார்கள். அதில் எழுத வேண்டிய செய்திகளோ வேலை தொடங்குவதற்கு முன்பே சேர வேண்டியவை. பழைய சுவரின் காரையைக் கொத்தி எடுத்த பிறகு, அது எப்படி இருந்தது என்பதற்குச் சான்று எங்கும் கிடைக்காது. தோற்றுப்போகும் விண்ணப்பங்களில் பல, வேலை மோசமானதால் தோற்பதில்லை. செய்த நல்ல வேலைக்குச் சான்று இல்லாததால் தோற்கின்றன.

விருதுகளின் வகைகள்

கட்டடக் கலைஞர்களுக்கான விருதுகளில் பழையது, 1917-ஆம் ஆண்டில் வேர்விட்ட இந்தியக் கட்டடக் கலைஞர்கள் நிறுவனம் வழங்குவது. அதற்குத் தமிழ்நாட்டுப் பிரிவும் இருக்கிறது. ஜே.கே. சிமென்ட் நிறுவனம் 1990-இல் தொடங்கிய ஆண்டின் சிறந்த கட்டடக் கலைஞர் விருதில், தேர்ந்தெடுக்கப்படும் மாநிலங்களுக்கெனத் தனிப் பிரிவு வைக்கிறார்கள். இத்தகைய போட்டிகளில் நுழையப் பொதுவாகக் கட்டடக்கலை மன்றப் பதிவு தேவை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பதிவு இல்லாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் பயன்படுத்த முடியாது. பதிவு பெறாத பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் கட்டுமானத் தரத்துக்கான விருதுகளைப் பார்ப்பது நல்லது. 1982-இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கான்கிரீட் நிறுவனம் சிறந்த கான்கிரீட் கட்டமைப்புகளுக்கு விருது தருகிறது. 1941-இல் உருவான இந்தியக் கட்டுநர் சங்கத்தின் சில மையங்களும் நன்கு கட்டப்பட்ட கட்டடங்களுக்குப் போட்டி நடத்துகின்றன.

பசுமைக் கட்டடச் சான்று வேறு, விருது வேறு. 2001-இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் தருவது தரநிலைச் சான்று. நிபந்தனைகளை நிறைவேற்றும் எந்தக் கட்டடமும் அதைப் பெறலாம். மற்ற கட்டடங்களோடு போட்டி கிடையாது. விருதில் அந்த ஆண்டு வந்த மற்ற விண்ணப்பங்களோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறார்கள். ஓர் ஆண்டு தவறியது மற்றோர் ஆண்டு தேறக்கூடும்.

யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது

ஆசிய-பசிபிக் பகுதியின் பண்பாட்டு மரபுப் பாதுகாப்புக்காக யுனெஸ்கோ 2000-இல் ஏற்படுத்திய இந்த விருதைப் பாங்காக் அலுவலகம் நடத்துகிறது. தனியார், அறக்கட்டளை, சமூகம் ஆகியோரின் முயற்சியை, அல்லது அவர்கள் அரசோடு கைகோத்துச் செய்த முயற்சியைப் பாராட்டுவது இதன் நோக்கம். கட்டடம் 50 ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். மீட்புப் பணி கடந்த 10 ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். முடிந்தபின் குறைந்தது ஓராண்டாவது கட்டடம் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. அழகாகப் புதுப்பித்துப் பூட்டி வைத்த வீட்டுக்கு இங்கே இடமில்லை. ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் தாண்டிய பிறகுதான் கூரையும் காரையும் எப்படி நிற்கின்றன என்று சொல்ல முடியும் என்பதால், இது நியாயமான நிபந்தனையே.

உன்னதம், மேன்மை, தகுதி என்ற மூன்று நிலைகளில் விருது தருகிறார்கள். பழைய சூழலில் எழும் புதிய வடிவமைப்புக்கென ஒரு பிரிவை 2005-இல் சேர்த்தார்கள். நீடித்த வளர்ச்சிக்கான சிறப்பு அங்கீகாரம் 2020-இல் வந்தது. இடத்தின் இயல்பை எவ்வளவு புரிந்துகொண்டார்கள், தொழில்நுட்பம் எவ்வளவு தேர்ந்தது, பயன்பாடு பொருத்தமானதா, சுற்றியுள்ள மக்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பவை நடுவர்களின் கேள்விகள்.

திருவரங்கமும் துக்காச்சியும்

2017-இல் திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயில் தகுதி நிலை விருதைப் பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றுக்கு இந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. சுமார் 156 ஏக்கர் பரப்பும் ஏழு பிரகாரங்களும் 21 கோபுரங்களும் கொண்ட கோயில் அது. நன்கொடையாளர்களின் பணமும் அறநிலையத் துறையின் மேற்பார்வையும் சேர்ந்து நடந்த திருப்பணிக்குப் பின் 2015-இல் குடமுழுக்கு நடந்தது. 1987-இல் நிறைவுபெற்ற 236 அடி ராஜகோபுரத்தையே பார்வையாளர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். யுனெஸ்கோ எடுத்துச் சொன்னவை வேறு: மரபான முறைகளில் நடந்த புதுப்பிப்பு, மழைநீர் சேகரிப்பும் பழைய வடிகால் அமைப்பும் மீண்டும் உயிர்பெற்றது, அதனால் வளாகத்தில் வெள்ளம் தேங்காமல் போனது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஊரில், தண்ணீர் எங்கே போகும் என்று கோயிலைக் கட்டியவர்கள் யோசித்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் தடுத்துவிட்ட அந்த வழியைத் திருப்பணியாளர்கள் திறந்துவிட்டார்கள். விண்ணப்பம் எழுதுபவர் இதில் பாடம் எடுத்துக்கொள்ளலாம்: படத்தில் விழாத வடிகால்கூட நடுவரின் மனதில் நிற்கும், அதை வரைபடத்தில் காட்டினால்.

அதே 2017-இல், உயர் நீதிமன்றத்தின் கேள்வியை ஒட்டி யுனெஸ்கோ குழு ஒன்று தமிழகக் கோயில்கள் சிலவற்றைப் பார்வையிட்டு, திருப்பணிகளில் நிபுணத்துவம் போதாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. மணலைப் பீய்ச்சித் தூண்களைச் சுத்தம் செய்வது, கல்லின் மேல் எனாமல் பெயின்ட் அடிப்பது, சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவது ஆகியவை தமிழகக் கோயில் சிற்பங்களுக்குப் பெரும் சேதம் விளைவித்தன. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் மரபுச் சின்னங்களைக் காப்பதற்காக விரிவான ஆணைகள் பிறப்பித்தது. இன்று திருப்பணிக்கு வல்லுநர் குழுக்களின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலுக்காகத் தயாராகும் ஆய்வறிக்கையும் அளவுப் படங்களும் விருது விண்ணப்பத்தின் பாதி வேலையை முடித்துவிடுகின்றன.

2024-இல் கும்பகோணம் பக்கத்துத் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில், தகுதிக்கு மேலான மேன்மை நிலை விருதைப் பெற்றது. சோழர் காலக் கோயிலான அது சிதைந்து கிடந்து மீண்டது. பேர்பெற்ற தலமாக இல்லாத ஓர் ஊர்க் கோயில், திருவரங்கத்துக்குக் கிடைத்ததை விட உயர்ந்த நிலையைப் பெற்றிருக்கிறது. அளவும் புகழும் இந்த விருதில் மதிப்பெண் ஆவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோயில்கள் மட்டுமே இப்பட்டியலில் இருப்பதாகவும் எண்ணிவிடக் கூடாது. புதுச்சேரியின் வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்புகளையும் தெருத் தோற்றத்தையும் ஒன்றாக மீட்ட முயற்சி 2008-இல் இதே விருதைப் பெற்றது. தனித்தனி வீட்டுக்காரர்கள் ஒரே திட்டத்தில் சேர்ந்து விண்ணப்பிக்க முடியும் என்பதற்கு அது முன்மாதிரி.

விண்ணப்பக் கோப்பு

முதல் தேவை ‘முன்’ படம். வேலைக்கு முன், வேலையின் போது, வேலைக்குப் பின் என மூன்று நிலைகளிலும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள் வேண்டும். நிற்கும் இடத்தைத் தரையில் குறித்துவைத்து, தூணின் அருகே அளவுகோலைச் சாய்த்துவைத்து எடுத்த படம், எவ்வளவு விரிசல் இருந்தது என்பதைத் தானே சொல்லும். திருவிழா அலங்காரத்தோடு எடுத்த படம் உதவாது. அலங்காரம் காரையை மறைத்துவிடும்.

அடுத்தது பொருள்களின் விவரம். சுண்ணாம்புக் காரை என்று மட்டும் எழுதினால் போதாது. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைத்தார்கள், மணல் என்ன விகிதம், கடுக்காய் நீரும் பனைவெல்லமும் எவ்வளவு சேர்த்தார்கள், செக்கில் அரைத்தார்களா என்பதெல்லாம் எழுத வேண்டும். இவற்றை அறிந்தவர் பெரும்பாலும் மூத்த கொத்தனார்தான். அவர் வாயால் சொல்வதை அன்றன்றே நோட்டில் எழுதி வைக்காவிட்டால், அது அவரோடு போய்விடும். சிமென்ட் ஏன் கூடாது என்பதற்கும் காரணம் எழுதலாம்: பழைய செங்கல் சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சு விடுவது, கெட்டியான சிமென்ட் பூச்சு அதை உள்ளே பூட்ட, உப்பு பூத்து செங்கல் உதிர்கிறது.

புதிய கட்டடம் என்றால் கோப்பின் நெஞ்சுப் பகுதி கான்கிரீட் சோதனை. 150 மில்லிமீட்டர் கன அச்சில் வார்த்த கட்டிகளை 28-ஆம் நாளில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்-25 கான்கிரீட்டின் குறிப்பிட்ட வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். மூன்று கட்டிகளின் சராசரியே ஒரு மாதிரியின் வலிமை. ஒவ்வொரு கட்டியின் மேலும் தேதி, எந்தத் தூண் அல்லது எந்தத் தளம், என்ன தரம் என்று எழுதியிருக்க வேண்டும். கம்பி கட்டி முடித்து, கவர் பிளாக் வைத்து, கான்கிரீட் போடும் முன் எடுத்த படங்கள் இதோடு சேர வேண்டும். கான்கிரீட் விழுந்த பிறகு அந்தக் கம்பியை யாரும் பார்க்கப் போவதில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன் கீழ் பெற்ற திட்ட அனுமதியும், ஒப்புதல் வரைபடத்துக்கு ஏற்ப கட்டியதற்கான சான்றும் வேண்டும். அனுமதியை மீறி ஒரு மாடி கூடுதலாக எழுப்பிய கட்டடத்தின் கோப்பை எந்த நேர்மையான நடுவரும் ஒதுக்கிவிடுவார்.

யாருடைய பெயர்

கட்டட விருதுகளின் வரலாற்றில் மிகக் கசப்பான பாடம் ராஜஸ்தானின் திலோனியாவில் நடந்தது. அங்குள்ள பேர்ஃபுட் கல்லூரி வளாகம் 2001-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. எழுத்தறிவில்லாத உள்ளூர்க்காரர்களின் படைப்பு என்று அது கொண்டாடப்பட்டது. பின்னர் ஒரு கட்டடக் கலைஞர், வடிவமைப்பில் தன் பங்கு மறைக்கப்பட்டதாகச் சொல்ல, விருதுக் குறிப்பில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. அதை ஏற்காத கல்லூரி விருதைத் திருப்பிக் கொடுத்தது. ஆகா கான் விருதுக்கு நேரில் விண்ணப்பிக்க முடியாது. பரிந்துரைப்பவர்கள் வழியாக வந்து, களத்துக்கு வல்லுநர் நேரில் போய்ப் பார்த்த பிறகே நடுவர் குழு முடிவு செய்யும். அத்தனை வடிகட்டல் இருந்தும், யார் செய்தார்கள் என்ற கேள்வி தீராமல் போனது.

ஆகவே கோப்பில் பெயர்ப் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியே சொல்ல வேண்டும். வடிவமைத்தவர், கட்டமைப்புப் பொறியாளர், ஒப்பந்ததாரர், ஸ்தபதி, கொத்தனார், தச்சர், கம்பி கட்டியவர் எல்லோரும் அதில் வர வேண்டும். கல் தச்சரின் பெயரை ‘உள்ளூர்க் கைவினைஞர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் கரைப்பது அநியாயம். உரிமையாளரின் எழுத்து ஒப்புதலும், படம் எடுத்தவரின் ஒப்புதலும் இதே கட்டத்தில் வாங்க வேண்டியவை.

குடியிருப்பவர்களையும் கட்டியவர்களாக எழுத வேண்டிய திட்டங்களும் உண்டு. இதே ஆகா கான் விருதை 1995-இல் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷியின் இந்தூர் ஆரண்யா குடியிருப்பு பெற்றது. முழு வீட்டைக் கட்டித் தராமல், அடித்தளமும் கழிப்பறையும் கொண்ட மனையைத் தந்து, மேலே மக்களே கட்டிக்கொள்ள விட்ட திட்டம் அது.

திண்டுக்கல், மதுரைச் சமவெளி

2001-இல் ஆகா கான் விருதின் தலைவர் பரிசைப் பெற்றவர் இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. அவர் கட்டிய இரண்டு வளாகங்கள் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் மதுரையிலேயே இருக்கின்றன: 1960-களின் பாய்ஸ் டவுன், 1970-களின் தொடக்கத்தில் எழுந்த மதுரை கிளப். இவை இரண்டும் 50 ஆண்டைக் கடந்துவிட்டன. மரபுக் கட்டடம் என்றதும் கோயிலையும் கோட்டையையும் மட்டும் நினைக்கும் வழக்கம் இங்கே மாற வேண்டியிருக்கிறது. பாவாவின் பெயரில் இலங்கையில் 2007 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு கட்டடக்கலை விருது வழங்கப்படுகிறது.

கீரனூர், பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் வேலை செய்பவர்களுக்கு 50 ஆண்டு கடந்த ஓட்டு வீடுகள், பள்ளிவாசல்கள், சத்திரங்கள், பள்ளிக்கூடங்கள் புதிய பொருளில்லை. உத்தரம் செல்லரித்ததும் இடித்துவிட்டு, சென்ட்ரிங் போடுவதே வழக்கமான தீர்வு. உத்தரத்தை மட்டும் மாற்றி, ஓட்டை இறக்கித் திரும்ப ஏற்றி, வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக மீட்ட ஒரு குடும்பமும் ஆசிய-பசிபிக் விருதுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் திண்டுக்கல் மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அரசு தானே செய்யும் பராமரிப்புக்கு உரியதன்று இந்த விருது.

கட்டணம் கேட்கும் விருதுகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. நுழைவுக் கட்டணம் வாங்குவது தவறில்லை. நடுவர் யார் என்று சொல்லாமல், வென்றதாகச் செய்தி அனுப்பிவிட்டு, விழா மேசைக்கும் கேடயத்துக்கும் பணம் கேட்பவை விருதுகளே அல்ல. நடுவர் பட்டியல், முந்தைய ஆண்டு வென்ற கட்டடங்கள், தேர்வு விதிகள் ஆகிய மூன்றும் வெளிப்படையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டணம் செலுத்த வேண்டும்.

விருது கிடைக்காவிட்டாலும் கோப்பு வீணாவதில்லை. கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு வரும்போது, முந்தைய திருப்பணியில் எந்தக் காரை எங்கே பூசப்பட்டது, எந்தக் கல் மாற்றப்பட்டது என்று தேடும் ஸ்தபதிக்கு அதுவே முதல் ஆவணமாகிறது.