எட்டு வயதுச் சிறுமியும் ஒரு மின்னலும்

தணிக்கை ஒரு கதையை எந்த அளவுக்குப் புரட்டிப்போட முடியும் என்று பேச்சு வரும்போது நான் எப்போதும் குறிப்பிடும் படம் 1956 இல் ஹொலிவூட்டில் வெளியான 'த பேட் சீட்'. 'தீய விதை' என்று பெயரைத் தமிழாக்கலாம். பேய், பில்லி, சூனியம் எதுவும் அதில் இல்லை. இருப்பவள் ரோடா பென்மார்க் என்ற எட்டு வயதுச் சிறுமி. இரட்டைப் பின்னல், கசங்காத சட்டை, பெரியவர்களைக் கண்டால் முழங்கால் மடித்து வணக்கம். அழகிய கையெழுத்துக்கான பதக்கம் தனக்குக் கிடைக்காமல் உடன் படித்த சிறுவனுக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காக, இரும்பு பதித்த சப்பாத்தால் அவனை அடித்து நீரில் மூழ்கடித்துவிட்டு, எதுவுமே நடவாதது போல வீட்டுக்கு வந்து விளையாடப் போகிறாள்.

கதையை எழுதியவர் அலபாமாவைச் சேர்ந்த வில்லியம் மார்ச். முதலாம் உலகப் போரில் வீரப் பதக்கங்கள் பெற்ற சிப்பாய். பின்னர் கப்பல் நிறுவனமொன்றின் உயர் அதிகாரி. நாவல் 1954 ஏப்ரலில் வெளிவந்தது. மே மாதம் அவர் இறந்துபோனார். அதே ஆண்டு டிசம்பரில் மெக்ஸ்வெல் அன்டர்சன் அதனை நாடகமாக்கி நியூயோர்க்கின் பிரோட்வேயில் அரங்கேற்றியதையோ, முன்னூறுக்கும் அதிகமான தடவைகள் அது மேடையேறியதையோ பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை.

படத்தை இயக்கிய மேர்வின் லீரோய், நாடகத்தின் முக்கிய நடிகர்களை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். தாயாக நான்சி கெலி, ரோடாவாக பற்றி மெக்கோர்மக், மகனைப் பறிகொடுத்த தாயாக ஐலீன் ஹெக்கார்ட். மூவருமே ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டனர், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. நாடக மேடையின் வாடை படம் முழுவதும் அடிப்பது உண்மைதான். கெலியின் கைகள் ஓரிடத்தில் நிற்பதேயில்லை. ஆனால் குடிபோதையில் ரோடாவின் வீட்டுக்கு வந்து, தன் மகனுக்கு என்ன நடந்தது என்று மன்றாடும் ஹெக்கார்ட்டின் காட்சிகளுக்கு நிகராகச் சொல்ல அக்காலப் படங்களில் அதிகம் இல்லை. கொலைகள் எதுவும் திரையில் காட்டப்படுவதில்லை. வேலையாள் லெரோய் தீயில் கருகும்போது நாம் கேட்பது அலறலும் ரோடா வாசிக்கும் பியானோவும். பார்ப்பது தாயின் முகம்.

நாவலிலும் நாடகத்திலும், மகள் கொலைகாரி என அறிந்த தாய் அவளுக்குத் தூக்க மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். தாய் சாகிறாள். மகள் பிழைத்துக்கொள்கிறாள். உண்மையை அறியாத தந்தையின் அன்பில் அவள் தொடர்ந்து வாழப்போகிறாள் என்பதே அக்கதையின் பயங்கரம். 1934 முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருந்த ஹொலிவூட்டின் தயாரிப்பு விதிக்கோவையோ குற்றம் தண்டிக்கப்படாமல் போவதை அனுமதிக்காது. எட்டு வயதுப் பிள்ளையை எந்த நீதிமன்றம் தூக்கிலிடும்? ஆகவே தாயைப் பிழைக்க வைத்து, பதக்கத்தைத் தேடி மழையிரவில் படகுத்துறைக்குப் போகும் ரோடாவின் மீது மின்னலை இறக்கினார்கள். அதோடும் விடவில்லை. நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து வணங்க, இறுதியில் கெலி சிறுமியை மடியில் குப்புறப் போட்டு அடிக்கிறார். பார்வையாளர் நிம்மதியாக வீடு செல்ல வேண்டுமல்லவா!

என்னை உறுத்துவது இந்த மின்னலல்ல, அதற்கு முன்னர் படம் சொல்லும் 'விஞ்ஞானம்'. ரோடாவின் தாய் வளர்ப்பு மகள். அவளைப் பெற்றவள் பலரைக் கொன்ற ஒரு கொலைகாரி. அந்த இரத்தம் ஒரு தலைமுறையைத் தாண்டி பேத்தியில் முளைத்துவிட்டதாம். சூழலே மனிதனை ஆக்குகிறது என்று வாதிடும் பாத்திரமும் படத்தில் உண்டு. அவர்தான் அந்தப் பிறப்பை மறைத்து வைத்திருந்த வளர்ப்புத் தந்தை! படத்தின் தீர்ப்பு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை.

இதே நம்பிக்கை அமெரிக்காவில் சட்டமாகவும் இருந்தது. 1927 இல் வேர்ஜினியாவின் கெரி பக் என்ற இளம் பெண்ணுக்குப் பலவந்தமாகக் கருத்தடை செய்யலாம் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையும் மந்தபுத்தி என்பதே காரணம். வழக்கு நடந்தபோது பேத்தி விவியனுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. குழந்தையின் தோற்றத்தில் ஏதோ சரியில்லை என்று சமூக சேவகி ஒருவர் சாட்சியமளித்தது போதுமாக இருந்தது. பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்களால் 60,000க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். ரோடா திரைக்கு வந்த 1956 இலும் அச்சட்டங்களில் பல உயிரோடிருந்தன.

அந்த விவியன் பாடசாலைக்குப் போனாள். 1931 இல் சிறந்த மாணவர்களின் பட்டியலில் அவள் பெயர் இடம்பெற்றது. மறு ஆண்டு நோயுற்று இறந்தபோது அவளுக்கும் வயது எட்டுத்தான். அவளைப் பற்றி எவரும் அன்று படம் எடுக்கவில்லை.

'தீய விதை'யோ மீண்டும் மீண்டும் முளைத்தது. 1985 இல் தொலைக்காட்சிப் படமாக வந்தது. 2018 இல் ரொப் லோவ் இயக்கி மறுபடியும் வந்தபோது, சிறுமியைப் பரிசோதிக்கும் மனநல மருத்துவராக நடித்தவர் பழைய ரோடாவான பற்றி மெக்கோர்மக். அந்தப் பாத்திரத்துக்கு டொக்டர் மார்ச் என்று நாவலாசிரியரின் பெயரையே சூட்டியிருந்தார்கள். இம்முறை மின்னல் விழவில்லை. சிறுமி உயிர் தப்புகிறாள்.