கருத்துத் திருட்டு

பிறருடைய எழுத்தையோ தரவையோ கருத்தையோ மூலம் சுட்டாமல் தமதாகக் காட்டுவதைக் குறிக்கும் இச்சொல், ஆங்கிலத்தின் ‘பிளேஜியரிசம்’ என்பதற்கு ஈடாக ஆய்வுலகில் வழங்குகிறது. அவ்வாங்கிலச் சொல்லின் மூலம் ‘பிளேகியாரியுஸ்’ என்னும் இலத்தீன் சொல். பிறரது அடிமையையோ அடிமையல்லாத ஒருவரையோ கடத்திச் செல்பவனுக்கு உரோமானியர் இட்ட பெயர் அது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல், தம் கவிதைகளை விடுதலை பெற்ற அடிமைகளாக உருவகித்து, அவற்றுக்கு உரிமை கொண்டாடியவனை இச்சொல்லால் சாடியதிலிருந்து அதற்கு இலக்கியப் பொருள் வாய்த்தது. உரியவரிடமிருந்து பிரித்துக் கடத்துவது என்னும் இவ்வுருவகம் ஆய்வுக்கும் பொருந்தும். ஒரு முடிவு அதைக் கண்டவரிடமிருந்து பிரிக்கப்படும்போது, அதைச் சரிபார்க்கும் வழியும் மறைகிறது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், பிற எழுத்துகளோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றிய 30 மணி நேரப் பாடத்தை அக்குழு 2019இல் கட்டாயமாக்கியது. அப்பாடம் விழுக்காட்டுக் கணக்கோடு நின்றுவிடலாகாது. ஏனெனில் ஒப்புமை காணும் மென்பொருள் சொற்களையே எண்ணுகிறது, சொல் மாற்றி எழுதப்பட்ட பிறர் கருத்து பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.