திருக்கை மீன் போட்ட பிள்ளையார் சுழி

அத்திபெலேயில் பஸ் ஏறி, ஓசூர் சாலையை விட்டு விலகாமல் பெங்களூருக்குள் போனால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வந்துவிடும். மண்டையைத் திறக்காமலே மூளையைத் தூண்டும் சிகிச்சை அங்கே உண்டு. கருவிதான் புதிது. யோசனைக்கு வயது இரண்டாயிரம் ஆகப்போகிறது. அதைத் தொடங்கிவைத்தது ஒரு மீன்.

ரோமப் பேரரசர் திபேரியஸிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் ஆந்தெரோஸ். கடற்கரையில் நடந்தவர், மின்சாரம் பாய்ச்சும் திருக்கையை மிதித்துவிட்டார். காலில் இருந்த வாதவலி போயே போய்விட்டது! கி.பி. 47 வாக்கில் இதை எழுதிவைத்த மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் உயிருள்ள திருக்கையையே சிபாரிசு செய்தார்.

1800இல் வோல்டா பேட்டரி செய்தபோது அவருக்கு முன்மாதிரியாக இருந்ததும் இந்தத் திருக்கையின் மின்னுறுப்புதான். மறுவருடமே விஞ்ஞானி கால்வானியின் சகோதரி மகன் அல்தினி, மனச்சோர்வில் கிடந்த ஒரு விவசாயியின் தலையில் பேட்டரியை இணைத்துப் பார்த்தார். குணமாயிற்று என்றும் சொன்னார். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? புல்வெர்மாக்கரின் மின்சங்கிலி சர்வரோக நிவாரணியாக விற்றது. ‘மதாம் பொவாரி’ நாவலில் வரும் மருந்துக்கடைக்காரர்கூட அதை மாட்டிக்கொண்டு பெருமைப்படுவார்.

1896இல் பாரிஸில் விஞ்ஞானி தார்சொன்வால் மின்சாரம் பாயும் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கண்ணில் ஒளி மின்னியது. அப்புறம் 1985. ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழு உச்சந்தலைமேல் சுருளைப் பிடித்துப் பொத்தானை அழுத்தியது. ‘டக்’கென்று ஒரு சத்தம், கை தானாகத் துள்ளியது. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் சுருளில் பாயும் மின்சாரம் காந்தப்புலமாகி எலும்பைத் தாண்டுகிறது, மூளையில் மறுபடி மின்சாரமாகிறது. ஃபாரடே 1831இல் கண்ட தத்துவமேதான்.

நிம்ஹான்ஸில் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் குழு இன்னும் எளிய வழியிலும் ஆய்வு செய்திருக்கிறது: மனச்சிதைவில் காதில் ஒலிக்கும் குரல்களை அடக்க, தலையில் 2 மில்லிஆம்பியர் நேர்மின்சாரம்.

இனி, இந்தக் காந்தச்சுருளை எதிர்பார்த்திருக்கும் ஒரு கால் விரல் நோய். பாதமெல்லாம் எரியும், விரல்கள் தம்பாட்டுக்கு நெளிந்துகொண்டே இருக்கும். 1971இல் பிரிட்டன் மருத்துவர்கள் ஆறு நோயாளிகளிடம் கண்டு விவரித்த அபூர்வ நோய் இது. நரம்பிலோ தண்டுவட வேரிலோ பட்ட அடி பல பேருக்குக் காரணம். மாத்திரை பல பேருக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால்தான் காந்தச்சுருள் பக்கம் பார்வை திரும்புகிறது. நோயாளிகளே சொற்பம் என்பதால் பெரிய ஆய்வு நடத்த வழியில்லை. போதாததற்கு, கையின் கட்டைவிரலுக்கான மூளைப்பகுதி மண்டைக்கு அடியிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, காலுக்கான பகுதியோ இரு அரைக்கோளங்களுக்கு நடுவே பிளவுக்குள் ஒளிந்திருக்கிறது. அதை எட்ட, நடுவில் மடங்கிய இரட்டைக்கூம்புச் சுருள் வேண்டும்.