இரண்டு பேரும் வேலைக்குப் போன வீடு

1973-ல் கல்யாணம் ஆகி மேற்கு மாம்பலத்துக்குக் குடிவந்தபோது எங்கள் தெருவில் வேலைக்குப் போகும் பெண்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். ஒருவர் டீச்சர், ஒருவர் டெலிபோன் ஆபரேட்டர், ஒருவர் ஏஜீஸ் ஆபீஸ். நான் 1969-ல் நாட்டுடைமையாக்கப்பட்ட 14 வங்கிகளில் ஒன்றில் குமாஸ்தா. முந்தைய வருஷம்தான் சேர்ந்திருந்தேன். என் கணவருக்கு கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. காலை 8 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். எனக்கு பீச் ஸ்டேஷன் பக்கம், 10 மணி.

அந்தக் காலத்தில் வீட்டை எப்படி நடத்தினீர்கள் என்று என் பேத்தி கேட்டாள். அவள் வீட்டில் எல்லாம் போனிலேயே நடக்கிறது. நான் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை என்று தோன்றியது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டின் மூளை ஒரு டைரி. வருஷா வருஷம் ஆபீஸில் தருவார்களே, அந்த டைரிதான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கயிறு கட்டித் தொங்கும், கூடவே ஒரு பென்சில். பால் கணக்கு, சலவைக் கணக்கு, ரேஷன் வாங்கிய தேதி, கரண்ட் பில், மளிகைக் கடை பாக்கி, குழந்தைகளின் தடுப்பூசி எல்லாம் அதில்தான். இன்றைக்கு அதைப் புரட்டினால் எனக்கு முதலில் தெரிவது ஒன்றுதான். நகரத்தில் இருந்த ஒவ்வொரு ஏற்பாடும், பகலில் வீட்டில் ஒரு பெண்மணி இருப்பார் என்று நம்பி அமைக்கப்பட்டிருந்தது. ரேஷன் கடை திறந்திருக்கும் நேரம் என் ஆபீஸ் நேரம். மின்சார வாரியத்தில் பணம் கட்டும் கவுண்டரும் அப்படியே. மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று தெருவில் சேதி பரவுவது காலை 11 மணிக்கு. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைப் பார்க்கக் கூப்பிடுவதும் 11 மணிக்குத்தான். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ல் வந்தது, ரேஷன் சாமான்கள் ஒழுங்காகக் கிடைத்தன, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசையில் நிற்க ஆள் வேண்டுமே! இவர் மாதத்தில் ஒரு நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போய் நிற்பார். வரிசையில் இருக்கிற மாமிகள் எல்லாம் "சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்களாம்.

காலை நாலரை மணிக்கு எழுந்திருப்பேன். கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. இவர் பால் பூத்துக்குப் போவார். மாதவரம் பண்ணையிலிருந்து வரும் பால், மேலே அலுமினியத் தாள் மூடிய கண்ணாடி பாட்டிலில். கார்டைக் காட்டி, முந்தின நாள் காலி பாட்டிலைக் கழுவிக் கொடுத்தால்தான் புது பாட்டில். பாட்டில் உடைந்தால் அன்றைக்குக் காபி கிடையாது. ஆவின் என்று அந்தப் பெயரோடு கூட்டுறவு இணையம் வந்தது 1981-ல். அதற்குப் பிறகு பாக்கெட் பழகிவிட்டது.

அடுப்பு விஷயம்தான் பெரிய கதை. இண்டேன் 1965-லேயே வந்துவிட்டது என்றாலும் எங்களைப் போன்றவர்களுக்கு உடனே கிடைத்துவிடவில்லை. எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1977 வரை எனக்கு ஒரு கும்மட்டி அடுப்பும் ஒரு திரி ஸ்டவ்வும்தான். கரி பற்றிக்கொள்ள இருபது நிமிஷம் விசிற வேண்டும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களுக்கு அந்தக் கரியின் அருமை தெரியும். காஸ் வந்த அன்று குக்கரில் மூன்று அடுக்கு வைத்து, சாதம், பருப்பு, காய் எல்லாம் ஒரே நேரத்தில் வெந்ததைப் பார்த்து நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். காலையில் சும்மா நிற்க நேரம் கிடைத்தது அன்றுதான் முதல் தடவை.

ஆனால் ஒற்றை சிலிண்டர். 14.2 கிலோ எங்கள் வீட்டில் முப்பத்தெட்டு நாள் வரும். தீர்ந்த பிறகு பதிவு செய்தால் இன்னொன்று வர இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். அதனால் மாட்டிய தேதியை டைரியில் எழுதி, இருபத்தைந்தாம் நாளில் ஒரு வட்டம் போட்டு வைப்பேன். அன்றைக்கு இவர் வேலை முடிந்து வரும்போது ஏஜென்சியில் எழுதிவிட்டு வர வேண்டும். சிலிண்டர் வருவதோ மத்தியான நேரம். எதிர் போர்ஷன் மாமியிடம் பணத்தை, சில்லறை உட்பட, காலையிலேயே கொடுத்து வைப்போம்.

அரைக்கிற வேலை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கியிருந்தேன். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம். கோயம்புத்தூர் கிரைண்டர் பெரிய குடும்பங்களிலும் ஓட்டல்களிலும் இருந்தது. போர்ஷன் வீட்டில் அதை வைக்க இடமேது? பிற்பாடு பக்கத்துத் தெருவில் ஒருவர் கிரைண்டர் வாங்கிப் போட்டு, ஊறவைத்துக் கொண்டு போனால் படிக்கு இவ்வளவு என்று அரைத்துக் கொடுத்தார். சுமீத் மிக்ஸி 1979-ல் தீபாவளி போனஸில் வாங்கினோம். அம்மி அதோடு ஓய்வுக்குப் போனது. ஃபிரிட்ஜ் 1984-ல். ஒவ்வொரு இயந்திரமும் எனக்கு எத்தனை நிமிஷம் மிச்சம் செய்தது என்று என்னால் சொல்ல முடியும். அந்த நிமிஷம் எல்லாம் எங்கே போயிற்று என்பதைத்தான் சொல்ல முடியாது.

எலெக்ட்ரிக் டிரெயினை மறந்துவிடக் கூடாது. பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சாரத்தில் ஓடிய மீட்டர் கேஜ் வண்டி. அந்த வண்டி இல்லாவிட்டால் மாம்பலம், குரோம்பேட்டைப் பெண்களில் பாதிப் பேர் வேலைக்கே போயிருக்க முடியாது. 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தபோது அதை நன்றாகவே உணர்ந்தோம். பெண்கள் பெட்டியில் அவரைக்காய் ஆய்வார்கள், பூத் தொடுப்பார்கள், குழந்தை ஸ்வெட்டர் பின்னுவார்கள். சாயங்காலம் மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு வாசலில் நறுக்கிய வாழைத்தண்டும் பொடியாக அரிந்த பீன்ஸும் பொட்டலம் பொட்டலமாக விற்பார்கள். வேலைக்குப் போகும் பெண் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதை இந்த ஊரில் முதலில் கண்டுகொண்டவர்கள் அந்த வியாபாரிகள்தான். அரசாங்கத்துக்கு அதன் பிறகும் பல வருஷம் ஆயிற்று.

இப்போது குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவள் 1975-ல் பிறந்தாள், சின்னவன் 1979-ல். மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது 1961-ல். அதில் சொன்னது 12 வாரம். அது 26 வாரமாக ஆனது 2017-ல், என் பேத்திக்கே விவரம் தெரிந்த பிறகு. குழந்தைகள் காப்பகம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. அதாவது ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளுக்கு. 1976-ல் அது முப்பது ஆயிற்று. ஆபீஸில் எழுதுகிறவளின் குழந்தையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. பெரியவளுக்கு மூன்று மாதம் முடிந்ததும் என் அம்மா ஒரு வருஷம் வந்து இருந்தாள். பிறகு எதிர் போர்ஷன் மாமிதான். மாதாமாதம் பணம் கொடுத்துவிடுவோம்; ஆனால் அவர் செய்ததற்குப் பணம் என்று பெயர் வைக்க முடியாது.

எங்கள் வீடு மொத்தம் இரண்டே போர்ஷன். மூன்றாவது ஆள் கிடையாது. பெரியவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நான் ஒரு காகிதத்தில் விதிகளை எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். பள்ளியிலிருந்து நேரே வர வேண்டும். மாமியிடம் சாவி வாங்க வேண்டும். பால் குடித்துவிட்டு வீட்டுப்பாடம். மாமி இல்லையென்றால் வாசற்படியிலேயே உட்கார வேண்டும், யார் வீட்டுக்கும் போகக் கூடாது, யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. அவளுக்கு அது மனப்பாடம். வந்தவர்களிடம் எல்லாம் ஒப்பித்துக் காட்டுவாள். எனக்கு அதில் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும்.

1982, ஐப்பசி மாதம். காலையிலிருந்தே மழை. மத்தியானம் 12 மணிக்குப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ரிக்‌ஷாக்காரர் குழந்தைகளை ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கென்று மாமியின் அண்ணா தாம்பரத்தில் தவறிவிட்டார். சேதி வந்ததும் அவர் சின்னவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு, எங்கள் சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் யார் வீட்டிலும் போன் கிடையாது. இவருக்கு அன்று ஓவர்டைம். வண்டி எல்லாம் தாமதமாக ஓடியது. நான் வீடு சேர்ந்தபோது மணி ஆறேமுக்கால்.

குழந்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தெருமுனைப் பூக்காரம்மா ஒரு கோணியை மடித்துத் தலையில் போட்டுவிட்டிருந்தார். அந்த அம்மா மூன்று தடவை வந்து கூப்பிட்டாராம், பக்கத்து வீட்டிலும் கூப்பிட்டார்களாம். "அம்மா போகக் கூடாதுன்னு எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டாளாம். ஏழு வயது. அழவில்லை. என்னைப் பார்த்ததும், "தம்பியையும் காணோம்மா" என்றாள். அப்போதுதான் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. மாமி ஒன்பது மணிக்குச் சின்னவனோடு வந்து சேரும் வரை நாங்கள் மூவரும் படியிலேயே இருந்தோம். பெரியவளுக்கு அன்று இரவே ஜுரம். பத்து நாள் படுத்திருந்தாள்.

கதவில் இருந்த காகிதத்தை மறுநாள் இவர் கிழித்துப் போட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதினார்.

என் மாமியார் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். சொந்த வீடு, ஒரு பசு, கொல்லையில் பத்துத் தென்னை. வயது அறுபத்திரண்டு. நான் வேலைக்குப் போவதில் அவருக்குச் சம்மதம் இருந்ததில்லை. ஒரு தடவை வந்திருந்தபோது தன் பிள்ளை கொடியில் துணி உலர்த்துவதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் கடிதம் கிடைத்த நான்காம் நாள் காலை எழும்பூரிலிருந்து வந்து இறங்கிவிட்டார். பசுவைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றாயிற்று. "நீ ஆபீசுக்குப் போயிட்டு வா, குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு மாதத்துக்கு என்று வந்தவர், 1996-ல் இறக்கும் வரை இருந்தார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதி வைப்பது எதுவும் அவருக்குப் பயன்படவில்லை. பாலுக்கு ஒரு கோடு, சலவைத் துணிக்கு ஒரு புள்ளி என்று அதே டைரியில் பென்சிலால் போடுவார். மாதக் கடைசியில் அவர் கணக்கு என் கணக்கைவிடச் சரியாக இருக்கும். சிலிண்டர், ரேஷன், மண்ணெண்ணெய், பள்ளிக்கூடம் என்று நான் ஒன்பது வருஷம் முட்டிமோதியதெல்லாம், பகலில் வீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் நின்றுபோயிற்று. "நீங்கள் எவ்வளவு கச்சிதமாகக் குடும்பம் நடத்துகிறீர்கள்!" என்று ஆபீஸில் பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் டைரியைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன். மாமியாரைப் பற்றிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

1984-ல் ஆபீசர் பதவிக்கான பரீட்சையில் தேறினேன். பதவி உயர்வு என்றால் கிராமக் கிளைக்கு மாற்றல், ராமநாதபுரம் பக்கம். மாமியார் "போயிட்டு வா, ரெண்டு வருஷம்தானே" என்று சொன்னார். இவர்தான் பதில் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதே வருஷம் இவர் இருந்த இடத்திலேயே ஃபோர்மேன் ஆனார், பாயசம் வைத்தோம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985-ல் வாரத்தில் ஐந்து நாள் வேலை என்று வந்தது. எங்களுக்குச் சனிக்கிழமை அரை நாள் தொடர்ந்தது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை என்று வங்கிகளுக்கு வந்தது 2015 செப்டம்பரில். நான் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது.

மாமியார் ஊர் வீட்டின் சாவியைக் கடைசி வரை இடுப்பில் செருகி வைத்திருந்தார். அந்த வீட்டை 1988-ல் விற்றபோது, வாங்கியவர் புதுப் பூட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். சாவி இப்போது என் பீரோவில், டைரிகளோடு இருக்கிறது.