மருதாணிச் சிவப்பின் வரலாறு

நரைத்த தாடியில் செம்மை படர்ந்த பெரியவர்களை நம் பள்ளிவாசல்களின் முதல் ஸஃப்பில் காண்கிறோம். முதுமையில் இது எதற்கு என்று சிரிப்போரும் உளர். அந்நிறத்தின் வரலாறு பழையது.

ஹிஜ்ரி 8 (கி.பி. 630), மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூ குஹாஃபா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வரப்பட்டார். அவருடைய தலையும் தாடியும் ‘ஸகாமா’ என்னும் வெண்ணிறச் செடியைப் போல் வெளுத்திருந்தன. அந்நரையை மாற்றவும் கறுப்பைத் தவிர்க்கவும் நபியவர்கள் பணித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது.

அபூபக்ர் (ரலி) மருதாணியுடன் ‘கதம்’ என்னும் தாவரச் சாயத்தையும் சேர்த்துப் பூசினார்; உமர் (ரலி) தனி மருதாணியே பூசினார். வேறுபாடு நிறத்தில் தெரியும்: முன்னது கருஞ்செம்மை, பின்னது சுடர்ச் செம்மை. நபியவர்களின் முடிகள் சிலவற்றை உம்மு ஸலமா (ரலி) பாதுகாத்திருந்தார். அவை சிவந்திருந்ததைக் கண்டோர் உண்டு. அது சாயத்தாலா, நறுமணப் பூச்சாலா என்பதில் அறிஞர்கள் ஒருமித்திலர். நபியவர்களுக்கு நரை மிகச் சிலவே என்று அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார் அல்லவா!

வீட்டில் பூசும் முறை எளிது. இலைப்பொடியை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டுப் பூச வேண்டும். கழுவியதும் ஆரஞ்சாய்த் தோன்றும் நிறம் ஓரிரு நாளில் ஆழ்ந்து சிவக்கும். நிறமி முடியின் புரதத்தோடு பிணைவதால் எளிதில் நீங்காது. புதிதாய் வளரும் அடிமுடிக்கு மட்டும் மீண்டும் பூசினால் போதும். படலமாய் மூடாததால் உளூவுக்கும் தடையில்லை. ‘கறுப்பு மருதாணி’ என விற்பதில் பிபிடி என்னும் இரசாயனம் இருக்கக்கூடும். சிலருக்கு அது தோலைக் கொப்புளிக்கச் செய்கிறது.