கால் தரையை விட்ட கதை

குழந்தைக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால், சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மனித குலம் இரண்டு சக்கரத்தின் மேல் ஏறப் பழகிய வரிசை ஒன்று. நாம் குழந்தைகளைப் பழக்குகிற வரிசை வேறொன்று. பழைய வரிசைதான் சரி என்பது என் கட்சி.

1817-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் தேதி. ஜெர்மனியிலுள்ள மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்ற பிரபு, தாம் செய்வித்த மர வாகனம் ஒன்றின் மேல் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள், முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு பிடி, உட்கார ஓர் ஆசனம். அவ்வளவுதான். மிதி கிடையாது, சங்கிலி கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி ஓட வேண்டும். போகவர ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் அவர் முடித்துவிட்டார்.

இதில் விந்தை வேகமல்ல. சரிவான பாதையில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டால்கூட வண்டி விழாமல் ஓடிற்று. அதுதான் விந்தை. நின்றால் சாய்கிற வண்டி ஓடினால் நிற்கும் என்ற பெரிய ரகசியம் அன்றே வெளியாகிவிட்டது.

ஆனால் அந்த வண்டிக்கு மிதி வைத்துப் பரவலாக ஓட்ட 1860-களில் பாரிஸ் நகரத்தார் முன்வரும் வரையில் உலகம் காத்திருந்தது. காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றும் வித்தை தெரியாமலா? ராட்டையும் கடைசல் யந்திரமும் அதற்கு முன்பே காலால் சுழன்றன. நடைபாதையில் இந்த வாகனத்தை ஓட்டக் கூடாது என்று சில நகரங்கள் தடை போட்டது ஒரு காரணம். சரித்திர ஆசிரியர்கள் சிலர் இன்னொன்றும் சொல்கிறார்கள்: இரண்டு காலையும் ஒரேயடியாகத் தரையிலிருந்து எடுக்க மனிதனுக்குப் பயம்! அரை நூற்றாண்டுப் பயம்.

பிறகு வந்தது முன்சக்கரம் ஆளுயரத்துக்கு வளர்ந்த வண்டி. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், ஐம்பதை நெருங்கும் வயதில், ஆசிரியர் வைத்து அதைக் கற்றுக்கொண்டார். அந்த அவஸ்தையை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அவர் கண்ட உண்மை இது: எந்தப் பக்கம் விழப் போகிறோமோ அந்தப் பக்கமே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். புத்தி அதற்கு நேர்மாறாகச் சொல்லும். கை புத்தியின் பேச்சைக் கேட்கக் கூடாது. சைக்கிள் வித்தையின் சாரம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. 1885-இல் கவென்ட்ரியில் ஸ்டார்லி என்பவர் சங்கிலி பூட்டிய தாழ்வான வண்டியைக் கொண்டுவந்தார். ஓட்டுகிறவனின் கால் மறுபடி தரைக்கு எட்டிற்று.

இப்போது நம் வீட்டுக் குழந்தைக்கு வருவோம். புது வண்டியின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் குட்டிச் சக்கரங்களை மாட்டிக் கொடுக்கிறோம். குழந்தை மிதிக்கிறது, வண்டி போகிறது, நமக்கும் பெருமை. ஆனால் மிதிப்பதா பெரிய வித்தை? மூன்று சக்கர வண்டியிலேயே அது பழகியாயிற்று. குட்டிச் சக்கரங்கள் வண்டியைச் சாயவிடுவதில்லை. சாயாத வண்டியில், சாய்கிற பக்கம் திருப்ப எப்படித் தெரியும்? விழாமல் காக்கிற அந்தத் துணையே கற்கவும் விடாமல் காக்கிறது.

டிரைஸ் பிரபுவின் வழி வேறு. குட்டிச் சக்கரங்களோடு மிதிகளையும் கழற்றிவிடுங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியும்படி ஆசனத்தை இறக்குங்கள். குழந்தை முதலில் நடக்கும், பிறகு உந்தும், ஒரு நாள் தன்னை அறியாமலே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மிதக்கும். அப்புறம் மிதிகளை மாட்டினால் போதும். மிதியே இல்லாத சின்ன வண்டிகள் இன்று கடைகளிலும் கிடைக்கின்றன. மான்ஹைம் வாகனத்தின் பேரப்பிள்ளைகள் அவை.

நம் கிராமத்துப் பையன்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அப்பாவின் பெரிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், இடது காலை மிதியில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்திப் போவார்கள். அது 1817. சில நாளில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடுவார்கள். அது 1860-கள். சீட்டில் ஏறி உட்காருவது கடைசியில்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிடிப்பதானால் குழந்தையின் தோளை லேசாகப் பிடியுங்கள், ஹாண்டில்பாரைப் பிடிக்காதீர்கள். அது திரும்ப வேண்டிய பொருள். அதை நாம் இறுக்கிப் பிடித்தால், வண்டி ஓட்டுவது நாம்தான், குழந்தையல்ல. தோளிலிருந்தும் ஒரு நாள் கையை எடுத்தாக வேண்டும். டிரைஸின் காலத்து மனிதர்கள் காலைத் தூக்கப் பயந்தார்கள். நாம் கையை எடுக்கப் பயப்படுகிறோம். அவர்கள் பயம் தெளிய ஐம்பது வருஷம் ஆயிற்று. குழந்தை அத்தனை நாள் காத்திருக்காது.